ஒன்றுக்கு வைத்த கொம்பு

தண்ணீர் ஊற்றி இளக்கிய நீல மையின் புளித்த வாடை, அறுபதுகளில் கிழக்குத் தாம்பரத்தில் நான் படித்த பெண்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு முழுக்க வீசும். அந்த மையால் நான் போட்ட ஒரு சின்னக் கோட்டைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். என்னை நல்லவள் என்று நினைத்துப் படிக்கத் தொடங்கியவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஐந்து இலக்கத்தில் மிகப் பெரிய பகா எண்ணைக் கண்டுபிடிப்பவள் பட்டணத்துக் கணக்குப் போட்டிக்குப் போவாள், விடை மட்டும் எழுதினால் போதும் என்றார் கணக்கு டீச்சர். பகா எண்ணை ஒன்றும் அதே எண்ணும் தவிர வேறெதுவும் மிச்சமின்றி வகுக்காது. என் பக்கத்தில் உட்காரும் அலமேலு, ராஜகீழ்ப்பாக்கத்து விவசாயி மகள், முன்னூற்றுப் பதினாறுக்குள் இருக்கும் அறுபத்தைந்து பகா எண்களாலும் வகுத்துப் பார்த்து, நாலே நாளில் 99991 என்று கண்டுபிடித்தாள். முன்னூற்றுப் பதினேழை அதாலேயே பெருக்கினால் ஆறு இலக்கமாகிவிடும், அதற்கு மேல் வகுக்கத் தேவையில்லை என்று எனக்கு விளக்கியவளும் அவள்தான். "டவுனுக்கு அனுப்புற அளவுக்குப் படிப்பு வந்தா மேல படி, இல்லாங்காட்டி கழனிக்கு வா" என்று அவள் அப்பா கெடு வைத்திருந்ததையும் என்னிடம் மட்டும் சொன்னாள்.

என் அப்பாவோ, "ரெண்டாவதா வர்றவளை யாரு ஞாபகம் வெச்சுக்கறா?" என்பார். விடைத்தாள்களைச் சேர்த்துக் கொடுப்பது வகுப்புத் தலைவியான என் வேலை. அலமேலுவின் விடையில் கடைசி ஒன்றுக்குத் தலையில் ஒரு கோடு இழுத்துக் "கொம்பு" வைத்தேன், ஏழாகிவிட்டது. என் தாளில் 99991 என்று எழுதிக்கொண்டேன்.

டீச்சர் 99997ஐப் பலகையில் எழுதிப் பத்தொன்பதால் வகுத்தார். 5263 வந்தது, மிச்சமே இல்லை.

"நான் ஒண்ணுதான் போட்டேன் டீச்சர்! ஏழு போட்டது பத்தொம்போதுல போவுதுன்னு நானே வுட்டுட்டேன். வழியெல்லாம் வூட்டுல கீது!" என்றாள் அலமேலு.

"தெரிஞ்சே தப்பா எழுதினியா? கீதாம், கீது! கீதையாடி படிக்கறே?" என்றார் டீச்சர்.

வகுப்பே சிரித்தது, எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் நான். அலமேலு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கோபமில்லை, சந்தேகம்கூட இல்லை. நான் எழுந்து சாட்சி சொல்லுவேன் என்று காத்திருந்தாள், பாவி.

மறுநாள், நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் போட்ட அறுபத்தைந்து வகுத்தல்களையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்று டீச்சர் புரட்டிக்கூடப் பார்க்காமல் காகிதக் கட்டை என்னிடம் நீட்டி, குப்பைக்கூடையில் போடச் சொன்னார். போடுவதற்கு முன் பார்த்தேன்: ஒவ்வொரு மிச்சத்தையும் வட்டமிட்டிருந்தாள், ஒன்றுகூடத் தப்பில்லை. போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அடுத்த வாரத்திலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை.

போட்டியில் எனக்கு ஒரு பரிசும் கிடைக்கவில்லை. இன்று அந்தக் கழனிகள் எல்லாம் அடுக்குமாடிகள். என் பேரன் செல்போனில் 99991 என்று தட்டினால் இமைப்பதற்குள் பகா எண் என்கிறது. கோடி இலக்கங்களுக்கு மேல் நீளும் பகா எண்கள் இருக்கும் காலத்தில் அதெல்லாம் ஒரு பெரிய எண்ணா பாட்டி என்று சிரிக்கிறான். அலமேலு என்ன ஆனாள் என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் வீட்டிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் மூன்று மைல்கூட இல்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் நான் போய்க் கேட்கவில்லை.