காலி என்றால் கீழே

விமானத்தில் எனக்கும் குழந்தைக்கும் நடுவே ஒரு திரை தொங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் பிசினஸ் கிளாஸில் குழந்தையும் அவள் அம்மாவும் இருந்தார்கள். இந்தப் பக்கம் மூன்றாவது வரிசையில் நான். சாம்பல் நிறத்தில் ஒரு சாதாரணத் துணி. ஆளைத் தடுக்கும், அழுகையைத் தடுக்காது.

“காலி... காலி...”

மும்பையிலிருந்து காலையில் கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. லண்டனுக்கு இன்னும் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. குழந்தை என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் அம்மாவுக்குத் தெரியாது. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வேலை போய்விடும் என்று பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

மராட்டியில் காலி என்றால் கீழே. தமிழில் காலி என்றால் தீர்ந்துபோனது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அது என்னால் வந்தது.

எனக்குச் சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். பத்தாவது வரை படித்தேன். கல்யாணமாகி, மராட்டி பேசும் ஏரவாடாவுக்கு வந்தேன். பதினான்கு வருஷம் கழித்து, பக்கத்தில் கராடியில் புது அடுக்குமாடிகள் எழும்பிய நேரத்தில், அந்த வீட்டுக்குக் குழந்தை பார்த்துக்கொள்ளப் போனேன். குழந்தையின் அம்மா கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அப்பாவைக் கம்பெனி லண்டனுக்கு அனுப்பியிருந்தது. முதல் நாளே அந்த அம்மா இரண்டு விஷயம் சொன்னார்.

“இங்க வேலைக்கு வர்றவங்க எல்லாம் ஹிந்திலயே பேசறாங்க்கா. பாப்பாகிட்ட தமிழ் மட்டும்தான் பேசோணும். அதுக்குத்தான் உங்களைத் தேடிப் புடிச்சேன். அப்புறம், கீழ மட்டும் கூட்டிட்டுப் போயிராதீங்க. சுத்தியும் கட்டடம் கட்டறாங்க, ஒரே தூசி. பாப்பாவுக்கு வீசிங் இருக்குது.”

இரண்டுக்கும் தலையாட்டினேன். எனக்கு வாய் திறப்பதைவிடத் தலையாட்டுவது சுலபம்.

தமிழில்தான் பேசுகிறேன் என்றுதான் நினைத்தேன். பதினான்கு வருஷத்தில் என் தமிழுக்குள் எத்தனை மராட்டி வந்து குடியேறியிருந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் இரண்டாவது விஷயத்தைத் தெரிந்தேதான் மீறினேன். ஆறாவது மாடி, எல்லா ஜன்னலும் மூடி. ஏரவாடாவில் பகலில் நாங்கள் கதவு சாத்துவதில்லை. மூடிய வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளாது. குழந்தைக்கு நடை வந்ததும் அவளுக்கும் அப்படியே ஆயிற்று. நாலு மணி ஆனால் சுவருக்குச் சுவர் நடப்பாள், கதவைத் தட்டுவாள், என் புடவையைப் பிடித்து இழுப்பாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் லிஃப்டில் கீழே அழைத்துப் போனேன். பக்கத்துக் கட்டடத்துக்குக் கொட்டியிருந்த மணல்மேட்டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளினாள். கால் மணி நேரம் ஒரு சிணுங்கல் இல்லை. அப்புறம் அது தினசரி வழக்கமாகிவிட்டது.

லிஃப்டில் மற்ற வீட்டு ஆயாக்கள் அவள் கன்னத்தைக் கிள்ளி, “காலி சாலலி கா?” என்பார்கள். கீழே கிளம்பிட்டியா என்று அர்த்தம். நானும், “காலி போலாமா?” என்றுதான் அவளைக் கேட்பேன். அவள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். லிஃப்டுக் கதவில் உள்ளங்கையை வைத்து, “காலி” என்பாள். அவள் அம்மா வருவதற்குள் காலைக் கழுவி, நக இடுக்கு மண்ணை எடுத்து, கவுன் மாற்றி வைத்துவிடுவேன். வீசிங் ஒரு நாளும் வரவில்லை. வந்துவிடுமோ என்று ஒவ்வொரு நாளும் அவள் மூச்சைக் காது வைத்துக் கேட்டேன்.

அந்த அம்மா ஒரு நீல நோட்டு வைத்திருந்தார். குழந்தை பேசும் ஒவ்வொரு சொல்லையும் அதில் எழுதி, எதிரே அர்த்தமும் எழுதுவார். ஒரு நாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வாசித்துக் காட்டினார்.

“காலின்னா பால் வேணும்னு அர்த்தம்ங்க்கா. பாட்டில் தீந்ததும் காலி ஆயிருச்சான்னு நான் கேப்பேனில்ல, அதைப் புடிச்சுக்கிட்டா பாருங்க. எங்கம்மாகிட்ட போன்ல சொன்னேன், அவங்களுக்கு ஒரே சிரிப்பு.”

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தேன்.

பிறகு அந்த அம்மாவுக்கும் லண்டனிலேயே வேலை கிடைத்தது. குழந்தை அங்கே பழகும் வரை மூன்று மாதம் நானும் கூட வருவதாக ஏற்பாடு. அப்பாவின் கம்பெனி அவர்களுக்கு பிசினஸ் கிளாஸ் டிக்கெட் கொடுத்தது. எனக்கு அவர்களே சாதாரண டிக்கெட் எடுத்தார்கள். மும்பை விமான நிலையத்தில் அந்த அம்மா சொன்னார்: “உங்களை நம்பித்தான்க்கா ஏறறேன். தூங்கிட்டான்னா ஒண்ணும் இல்ல. அங்க சீட்டே கட்டிலாட்டம் விரியுமாம்.”

குழந்தைக்குக் கட்டில் வேண்டியிருக்கவில்லை. மடியில் வைத்துக் கட்டிய பெல்ட்டிலிருந்து இறங்க வேண்டியிருந்தது.

“காலி” என்று கேட்கும். உடனே ஒரு பணிப்பெண் பாட்டிலில் பாலோடு திரையைத் தாண்டுவாள். கொஞ்சம் அமைதி. மறுபடி “காலி”. மறுபடி பாட்டில். என் பக்கத்துச் சீட்டில் ஒரு குஜராத்தி அம்மாள், “பூக் லகீ ஹோகீ” என்றார். பசியாம். சுற்றி இருந்தவர்களும் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன்.

உட்கார முடியவில்லை. பெல்ட்டைக் கழற்றினேன், போட்டேன். முன் சீட்டுப் பையிலிருந்த அட்டையை எடுத்தேன், வைத்தேன். மூன்றாவது பாட்டில் போனபோது எழுந்து திரை வரை போய்விட்டேன். பணிப்பெண் சிரித்த முகத்தோடு, “டாய்லெட் பின்னாடி இருக்கு மேடம்” என்று ஹிந்தியில் சொல்லிக் கையைக் காட்டினாள். குழந்தை என்னுடையது மாதிரி என்று எப்படிச் சொல்வது. தலையாட்டிவிட்டுப் பின்னால் நடந்தேன். டாய்லெட்டுக்குள் போய்த் தாழிட்டுச் சும்மா நின்றேன். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் திரை விலகி அந்த அம்மாவே வந்தார். சட்டையெல்லாம் பால் வாந்தி.

“அக்கா, பால் பால்னு கேக்கறா, குடுத்தா கக்கறா. பல்லு முளைக்குதோ என்னமோ. பக்கத்துச் சீட்டுக்காரர் வேற எடம் மாத்திக் குடுன்னு கேக்கறாரு. எனக்கு மானமே போச்சுங்க்கா.”

இப்போது சொல்லியிருக்க வேண்டும். “நான் பாத்துக்கறேங்க” என்றேன்.

பணிப்பெண்ணிடம் பேசினார்கள். இரண்டு பேரில் ஒருவர்தான் அந்தப் பக்கம் இருக்கலாம் என்று முடிவாயிற்று. அவர் என் இடத்தில் உட்கார்ந்தார், நான் திரையைத் தாண்டினேன்.

அகலமான சீட், கையில் நிறைய பொத்தான்கள். ஒரு பொத்தானையும் நான் தொடவில்லை. சூடான ஈரத்துண்டு கொடுத்தார்கள், குழந்தையின் கழுத்தைத் துடைத்தேன். அவள் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, “அத்தெ, காலி” என்றாள். இறக்கிவிட்டேன். ஓடினாள். பக்கத்துச் சீட்டுக்காரர் மடியிலிருந்த கம்ப்யூட்டரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு அவர் வேண்டாம். நேரே விமானத்தின் கதவருகே போய் நின்று, அதில் உள்ளங்கையை வைத்தாள். லிஃப்ட் திறக்கும் என்று காத்திருந்தாள். திறக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்து உதடு பிதுக்கினாள். தூக்கினால் உதைத்தாள். மறுபடி கதவு, மறுபடி சீட், மறுபடி கதவு. எனக்கும் அந்தக் கதவு திறந்தால் தேவலை என்று இருந்தது.

கடைசியில் அவளை ஜன்னலோரம் தூக்கி நிறுத்தினேன்.

“அதோ பாரு, காலி. எம்மாந் தூரம் கீது பாரு. இப்போ போவ முடியாது கண்ணு, அப்பறமா போலாம்.”

கீழே மரம், ஊர் எதுவும் இல்லை. பழுப்பாக வெறும் நிலம், மடிப்பு மடிப்பாக. குழந்தை கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டாள். அழுகை நின்றது.

“மண்ணு” என்றாள்.

எதைப் பார்த்துச் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“என்னங்க்கா சொன்னா?” பின்னால் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். தூங்க முடியாமல் எழுந்து வந்திருக்கிறார். “மண்ணுன்னா சொன்னா? மண்ணு இவளுக்கு எப்படித் தெரியும்?”

படப் புத்தகத்தில் பார்த்திருப்பாள் என்ற பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்குள் குழந்தை அம்மாவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி, “காலி” என்றாள். அந்த அம்மாவின் கை தானாகப் பால் பாட்டிலுக்குப் போனது. வாந்தி எடுத்த பிறகும், அத்தனை களைப்பிலும், அந்தக் கை போனது.

“வேணாங்க,” என்றேன். “அது பால் இல்லீங்க. காலின்னா கீழ. மராட்டியில. கீழ போவணும்னு கேக்குதுங்க பாப்பா.”

பாட்டில் அவர் கையிலேயே இருந்தது. லிஃப்ட், மணல், கால் கழுவுவது எல்லாவற்றையும் மெதுவான குரலில் சொல்லி முடித்தேன். அந்த வீட்டில் ஒரே மூச்சில் அவ்வளவு நான் பேசியதில்லை.

“எத்தனை நாளாங்க்கா?”

“நடக்க ஆரம்பிச்சதுலருந்துங்க.”

“தெனமுமா?”

“மழை பேஞ்சா போவ மாட்டோம்.”

“வீசிங் வந்திருந்தா?”

குழந்தையின் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

“ஏன் சொல்லல?”

“வேலைய வுட்டு நிறுத்திடுவீங்கன்னு.”

“நிறுத்தியிருப்பேன்” என்றார். குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பினார். “அப்ப ஞாயித்துக்கெழமையெல்லாம் இவ எங்கிட்ட கீழ போலாம் கீழ போலாம்னு கேட்டுட்டு இருந்திருக்கா. நான் பாலைக் குடுத்து வாயை அடைச்சிருக்கேன்.” பிறகு என்னைப் பார்க்காமல், “நீங்க உங்க சீட்டுக்குப் போங்க்கா.”

போனேன். அதற்குப் பிறகு இருந்த நேரம்தான் பெரிய நேரம். சாப்பாடு வைத்தார்கள், மூடியைத் திறக்கவே இல்லை. லண்டனில் இறங்கியதும் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்களா, ஏரவாடாவில் எல்லோரும் கேட்டால் என்ன சொல்வது, தனியாக எந்தக் கவுண்டரில் போய் நிற்பது. வெயில் ஜன்னலில் அப்படியே நின்றது. நாங்கள் சூரியனைத் துரத்திக்கொண்டு போனதால் பகல் முடியவே இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. சத்தம் இல்லாதது இன்னும் பயமாக இருந்தது.

அப்புறம் திரையின் அடியில் ஒரு சின்ன வெறுங்கால் வந்தது. பின்னாலேயே, முதுகை வளைத்து அவள் இரண்டு கையையும் பிடித்தபடி அந்த அம்மா. குழந்தை என்னைப் பார்த்து, “அத்தெ” என்றாள், நிற்காமல் போனாள். அந்த அம்மா என் பக்கம் திரும்பவில்லை. வால் பக்கம் வரை நடந்தார்கள், திரும்பினார்கள், திரைக்குள் போனார்கள். மறுபடி வந்தார்கள். பணிப்பெண் வண்டியைத் தள்ளி வழி விட்டாள்.

எத்தனையாவது நடையோ தெரியவில்லை. குனிந்தபடியே, என் சீட்டைக் கடக்கும்போது கேட்டார்: “இன்னும் என்னென்ன மராட்டி சொல்லிக் குடுத்து வெச்சிருக்கீங்க?”

பதில் சொல்வதற்குள் போய்விட்டார். திரும்பி வரும்வரை யோசித்து, “தண்ணிக்கு பாணிங்க” என்றேன்.

“அது எனக்குத் தெரியும்.” போய்விட்டார்.

அடுத்த முறை நின்றார். “கட்டி? கட்டி கட்டிங்கறாளே, அதுவுமா?”

“ஆமாங்க. கோவம் வந்தா சொல்றது. நம்மூர்ல டூ வுடறோமே, அது.”

அந்த அம்மா முதுகை நிமிர்த்தினார். “எங்கிட்ட கட்டின்னு சொன்னப்பெல்லாம் நான் வெல்லக்கட்டி எடுத்துக் குடுத்தேன்.”

“அதனால இன்னும் நெறைய சொல்லிக்கினு இருந்துச்சுங்க.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் வாய் கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியும் முன் குழந்தை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கடைசியில் பெல்ட் போடச் சொல்லி விளக்கு எரிந்தது. விமானம் இறங்கத் தொடங்கியது. எனக்குக் காது அடைத்தது. திரைக்கு அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டாள். காதைப் பொத்திக்கொண்டிருந்த கையை எடுத்தேன்.

“காலி போறோம் கண்ணு,” என்றது கோயம்புத்தூர்க் குரல். “இப்பத்தான் காலி போறோம். பாரு, பாரு, காலி.”

என்னைத் திருப்பி அனுப்பவில்லை. மூன்று மாதமும் இருந்தேன். மன்னித்துவிட்டதாக அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆபீஸிலிருந்து வந்து கோட்டைக் கழற்றும் முன்பே, “காலி போனீங்களா?” என்பார். எங்கே போனோம், எந்தக் குட்டையில் விழுந்தாள் என்று சொல்வேன். முதல் வாரம் பழைய பழக்கத்தில் அவர் வருவதற்குள் குழந்தையின் காலைக் கழுவி வைத்திருந்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். மண்ணோடு உட்கார்ந்திருப்பாள். அவரே வந்து கழுவுவார்.