ஞாயிறு பெரட்டு

கோடிட்ட ஒற்றைத் தாள். மேலே நீல மையில் ‘ஞாயிறு பெரட்டு – ஐந்து பேர்’ என்று எழுதியிருந்தது. ரப்பர் தோட்டத்தில் காலை வேலைக்கு முன் ஆட்களை வரிசையாக நிறுத்தி எண்ணுவதற்குப் பெயர் பெரட்டு. எங்கள் வாசிப்புக் குழுவின் வருகைக் குறிப்புக்கு அக்கா விளையாட்டாக அந்தத் தலைப்பை இட்டிருந்தார். அந்தத் தாள் பல்கலைக்கழக மாணவர் விவகார அதிகாரியின் மேசையில் கிடந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பல்கலைக்கழக விடுமுறையில் நாங்கள் ஐவர் ஈப்போ பக்கத்துக் குனோங் ராபாட்டில் ஒரு வரிசை வீட்டின் முன்னறையில் கூடி, நகலெடுத்த ஆட்டக் கோட்பாட்டு நூல் ஒன்றைப் படித்தோம். அக்கா என்று நாங்கள் அழைத்தவர் எங்களுக்கு ஓராண்டு மூத்த மாணவி. சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுப்பவரின் மகள். உபகாரச் சம்பளம் நின்றால் அவருடைய படிப்பும் நின்றுவிடும்.

இரு கைதிகளைத் தனித்தனியே விசாரிக்கும் கணக்கு நூலில் வந்தது. இருவரும் வாய் திறக்காவிட்டால் இருவருக்கும் நல்லது. ஆனால் மற்றவன் என்ன செய்தாலும் காட்டிக்கொடுப்பதுதான் தனக்கு இலாபம் என்றது நூல். அக்கா ஒப்பவில்லை.

“பால்ல தண்ணி கலந்தது யாருன்னு ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி எங்கப்பாவ நாள் முழுக்க நோண்டுனாரு. அவரு சொல்லலியே. மறுநா பெரட்டுல கலந்த ஆளு பக்கத்துலதானே நிக்கணும்?”

“புக்குல பெரட்டு இல்ல லா, அக்கா” என்றேன்.

“அப்ப புக்குதான் தப்பு. நீ பரீட்சைக்கு மட்டும் அப்படி எழுது.”

விடுமுறை முடிந்தபின் அந்த நகலை நூலகத்தில் மறந்து வைத்தவன் நான். அட்டையில் என் பெயரும் அக்காவின் பெயரும் இருந்தன. தாள் உள்ளே இருந்தது. அனுமதியின்றி மாணவர்கள் கூடக் கூடாத காலம். யாரோ ‘பெரட்டு’ என்பதை அணிவகுப்புப் பயிற்சி என்று மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார்கள். ஞாயிறுதோறும் ஐவருக்குப் பயிற்சி கொடுத்தது யார் என்று அதிகாரி மலாயில் கேட்டார். பொருளை விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை.

“சரி, ஆட்களை எண்ணியது யார்? இது யாருடைய எழுத்து?”

அக்கா வெளியே பெஞ்சில் காத்திருந்தார். அவர் என்ன சொல்வார் என்று, நூலில் கைதிகளுக்குப் போட்டதுபோல் மனத்துக்குள் கட்டங்கள் போட்டுப் பார்த்தேன். சில விநாடிகள்தான். அவர் பெயரைச் சொன்னேன்.

கதவருகே எதிர்ப்பட்டபோது அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பயப்படாத தம்பி, நான் யாரு பேரையும் சொல்லப் போறதில்ல” என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவருக்கு உபகாரச் சம்பளம் நின்றது. தோட்டத்துக்குத் திரும்பி, தற்காலிக ஆசிரியையாக வேலை பார்த்து, பல ஆண்டுகள் கழித்துத்தான் பட்டம் வாங்கினார். மற்ற மூவரையும் எவரும் அழைத்து விசாரிக்கவே இல்லை.

நான் பத்திரிகை வேலைக்குப் போனேன். பிறரிடமிருந்து பெயர்களைக் கேட்டு வாங்குவதே தொழிலானது. அக்கா இப்போது ஈப்போவில்தான் இருக்கிறார். கல்யாண வீடுகளில் பார்த்தால், “சாப்டியா தம்பி?” என்று கேட்டுப் பக்கத்தில் இடம் ஒதுக்குகிறார். அந்த அறையில் நான் என்ன சொன்னேன் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. தெரிந்ததால் கேட்கவில்லையா, தெரியாததாலா? அதை அறிய ஒரே வழிதான் உண்டு. முதலில் நான் வாய் திறக்க வேண்டும்.