ஈஸ்டருக்கு வந்த மூன்று நாற்காலிகள்

தலையைக் கறுப்புத் துணிக்குள் விட்டுக்கொண்டு ஊரைத் தலைகீழாகப் பார்த்துச் சோறு தின்கிற தொழில் என்னுடையது. ஸ்டாண்டு காமிரா வைத்துப் பிழைத்தவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தக் காமிராவின் பின்பக்கத்துக் கண்ணாடியில் எதிரே நிற்பவர்களின் கால் மேலேயும் தலை கீழேயும்தான் தெரியும். அதைக் கழுவி, நேராக்கி, அட்டையில் ஒட்டிக் கொடுத்தால், "நான் இவ்வளவு கறுப்பா?" என்று சண்டைக்கு வருவார்கள். கல்யாண வீட்டில் எல்லோரையும் சிரிக்கச் சொல்லிவிட்டுக் கடைசிப் பந்தியில் ரசம் மட்டும் சாப்பிட்ட சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் உத்திரமேரூர் கடைத்தெருவில் எனக்கு ஒரு ஸ்டுடியோ இருந்தது. வீட்டில் எல்லோரும் காஞ்சீபுரத்தில் தறியில் உட்கார்ந்தவர்கள். எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது என்று, பட்டணத்தில் யாரோ கழித்துக்கட்டிய காமிரா ஒன்றை வாங்கிக் கொடுத்து என்னை விரட்டிவிட்டார்கள். ஸ்டுடியோ என்றால் ஓர் அறை, மலையும் மானும் வரைந்த ஒரு திரை, அவ்வளவுதான்.

எட்டு மணிக்கு ஆகாதா?

ஊருக்கு நாலு மைல் தள்ளி ஒரு சேரியில் லுத்தரன் கோயில் இருந்தது. ஓடு போட்ட நீளக் கட்டடம், வாசலில் ஒரு புளியமரம், கிளையில் மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு. அந்த வருஷத்து ஈஸ்டர் ஆராதனையையும் கோயில் அலங்காரத்தையும் போட்டோ பிடித்து மேலிடத்துக்கு அனுப்பவேண்டும் என்று போதகருக்கு ஆசை. அதைச் சொல்ல உபதேசியாரை அனுப்பியிருந்தார். போதகர் ஊரில் இல்லாத நாட்களில் ஜெபம் நடத்துகிறவர்தான் உபதேசியார். பெயர் தேவசகாயம். பெயருக்கேற்ற சாந்தம்.

ஆராதனை எத்தனை மணிக்கு என்று கேட்டேன். விடியற்காலை நாலு மணிக்கு என்றார். வெளிச்சத்துக்கு என்ன வழி என்றேன். மெழுகுவத்தி இருக்கிறது என்றார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பிடித்தால் என் காமிராவில் மெழுகுவத்தி மட்டும்தான் விழும் என்று விளக்கினேன். ஈஸ்டரை ஒரு எட்டு மணிக்கு வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் சௌகரியம் என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். உபதேசியார் என்னையும் காமிராவையும் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏசுநாதர் இருட்டோட எழுந்துட்டாரு. உங்க காமிராவுக்கோசரம் எட்டு மணி வரிக்கும் படுத்துக்கினு இருப்பாரா?"

தலையில்லாத மாமா

கடைசியில் நாலு மணிக்கு ஆண்டவருக்கு ஓர் ஆராதனை, எட்டு மணிக்கு எனக்கு ஓர் ஆராதனை என்று ஏற்பாடாயிற்று. கோயிலுக்குள் பிடிப்பதென்றால் பத்து எண்ணும் வரை யாரும் அசையக்கூடாது. இதை நம் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்வதற்குள் உயிர் போய்விடும். அதற்காகவே நான் ஒரு போட்டோவைக் கைவசம் வைத்திருந்தேன். திருப்புலிவனத்தில் ஒரு கல்யாணத்தில் பிடித்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன், நான் லென்ஸ் மூடியைக் கழற்றியிருந்த நேரத்தில், வெற்றிலைத் தட்டு எந்தப் பக்கம் போகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். போட்டோவில் ஜரிகை அங்கவஸ்திரம் இருக்கிறது, வைரக் கடுக்கன் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புகை மட்டும் இருக்கிறது.

அவர் அதைப் பார்த்துவிட்டு என் கடைக்கே வந்துவிட்டார். அந்தக் கல்யாணத்துக்கு அவர்தான் பந்தல் போட்டவராம், சம்பந்தி வீட்டார் இனி அவரை எந்த அடையாளத்தில் நினைவு வைத்துக்கொள்வார்களாம். நான் சமாதானம் சொல்லச் சொல்ல அவருக்குக் குரல் ஏறிற்று. போகும்போது வாசலில் நின்று சொன்னார்.

"சாவறதுக்கு மின்னாடியே தலைய எடுத்துட்டியே நைனா, உனக்கு நான் இன்னா பண்ணேன்?"

சுவர் கட்டியவர்

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முந்தி ஞானமுத்து வந்தார். அந்தச் சபைக்கு மூப்பர் அவர். சபை மூப்பர் என்றால் போதகருக்கு அடுத்த மரியாதை. அது கோயிலுக்குள்ளே. வெளியே வந்தால் மிராசுதார் நிலத்தில் ஏர் ஓட்டுகிற கூலி. அறுபது வயதிருக்கும். ஈரிழைத் துண்டில் சுற்றி வைத்திருந்த ஒரு பழைய போட்டோவைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். கோயில் திறந்த அன்று யாரோ வெள்ளைக்காரர் பிடித்தது.

நடு நாற்காலியில் மிராசுதார் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். என் ஸ்டுடியோ இருந்த கட்டடமும் அதே மிராசுதாருடையதுதான் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், என் வீரத்தின் அளவு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் காலடியில், தரையில், வாலிப வயதில் ஞானமுத்து குந்தியிருக்கிறார். அஸ்திவாரம் தோண்டியது, செங்கல் சுமந்தது, சுவர் எழுப்பியது எல்லாம் தான்தான் என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. சாட்சி சொல்வது போலச் சொன்னார். பிறகு, இந்தத் தடவை போட்டோவில் தான் நாற்காலியில் இருக்கவேண்டும், அதற்கு ஒரு வழி பண்ண முடியுமா என்று கேட்டார். போதகரைக் கேளுங்கள் என்று நான் நழுவினேன். அவர் பழைய போட்டோவின்மேல் விரலை வைத்தார்.

"செவுரு கட்டனவன் தரையில கீறான். செவுத்தைப் பாக்க வந்தவரு நாக்காலில கீறாரு. நீயே பாரு ஐயா."

லீலிப்பூ

போதகரிடம் சீமையிலிருந்து வந்த ஒரு காலண்டர் இருந்தது. அதில் ஒரு கோயிலின் பீடம் முழுக்க வெள்ளை வெளேரென்று நீண்ட புனல் மாதிரிப் பூக்கள். ஈஸ்டருக்கு லீலிப்பூதான் வைப்பது என்று அவர் அறிவித்துவிட்டார். வேதத்தில் வருகிற பூதான், ஆனால் உத்திரமேரூர் தாலுக்காவில் அதைக் கண்ணால் பார்த்தவர் எவரும் இல்லை. சபை கூடி யோசித்தது. வெள்ளையாக இருக்கவேண்டும், பெரிதாக இருக்கவேண்டும், சும்மா கிடைக்கவேண்டும். ஏரியில் இருக்கிற அல்லிதான் அது என்று முடிவாயிற்று. எஸ்தர் என்று ஓர் அம்மாள், நடவு ஆட்களுக்குத் தலைவி, நாலு பெண்களோடு ராத்திரியிலேயே ஏரியில் இறங்கி இரண்டு கூடை பறித்து வந்தாள்.

நாலு மணி ஆராதனையில் அந்தப் பூக்கள் பீடத்தில் விரிந்து நின்ற அழகைச் சபையே இன்றும் சொல்கிறது. நான் பார்க்கவில்லை. காமிராவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நான் எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது, வெயில் ஏற ஏற அத்தனை அல்லியும் குவிந்துகொண்டிருந்தது. இருட்டில் மலர்ந்து பகலில் மூடுகிற பூ என்பது ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்த அத்தனை பேருக்கும் தெரியும். காலண்டரைப் பார்த்ததும் எல்லோருக்கும் மறந்துவிட்டது. போதகர் அங்கியோடு பீடத்தருகில் நின்று ஒவ்வொரு பூவாக விரலால் பிரித்துப் பார்த்தார். இங்கே பிரித்தால் அங்கே மூடிற்று. அதற்குப் பதிலாகச் சிவப்புக் காகித மாலையை நிறையக் கட்டுங்கள் என்றார்கள் சிலர். சிவப்பு என் கண்ணாடிப் பிளேட்டில் கறுப்பாக விழும், மேலிடத்தில் ஈஸ்டரை, ஏசுநாதர் இறந்த துக்க நாளான பெரிய வெள்ளிக்கிழமை என்று நினைப்பார்கள் என்று நான் தடுத்தேன். ஈரம் காயாத புடவையோடு ஓரத்தில் நின்றிருந்த எஸ்தர் பூவைப் பார்த்துக் கேட்டாள்.

"இடுப்பளவு தண்ணியில நின்னு பறிச்ச நானே முயிச்சிக்கினு கீறேன், உனக்கு இன்னா தூக்கம்?"

மாட்டுவண்டியில் வந்தவை

எனக்கான ஆராதனை நடந்தது. அதே ஞானப்பாட்டு, அதே ஆசீர்வாதம். கையை உயர்த்தியபடி போதகர் பத்து எண்ணும் வரை நிற்கவேண்டியிருந்ததால் ஆசீர்வாதம் கொஞ்சம் நடுங்கியது. என்னிடம் இருந்த ஆறு பிளேட்டில் ஐந்து தீர்ந்தது. கடைசி ஒன்றைப் புளியமரத்தடியில் சபையார் எல்லோரையும் வைத்து எடுப்பது என்று ஏற்பாடு.

அப்போதுதான் நாற்காலிகள் வந்தன. கோயிலில் பாய் மட்டும்தான் உண்டு என்பதால் போதகர் மிராசுதார் வீட்டில் இரவல் கேட்டிருந்தார். மூன்று தேக்கு நாற்காலிகள் மாட்டுவண்டியில் வைக்கோல் மெத்தைமேல் வந்தன. கூடவே மிராசுதாரின் கணக்குப்பிள்ளை, கக்கத்தில் குடையோடு. போதகர் ஒன்றில், அவர் சம்சாரம் ஒன்றில், காஞ்சீபுரத்திலிருந்து வரும் பெரிய போதகர் ஒன்றில். வேறு யாரும் தொடக்கூடாது. இது ஆண்டையின் உத்தரவு, பார்த்துக்கொள்ளத்தான் நான் வந்திருக்கிறேன் என்றார் கணக்குப்பிள்ளை.

பெரிய போதகர் பஸ்ஸைத் தவறவிட்டார். நடு நாற்காலி காலியாக இருந்தது. ஞானமுத்து அதைப் பார்த்தார், பிறகு போதகரைப் பார்த்தார். மரணத்தை ஜெயித்ததைப் பற்றி அன்று காலையில் இரண்டு தடவை பிரசங்கம் செய்த போதகர், இதெல்லாம் மெதுவாக ஆகவேண்டிய காரியம், இன்றைக்கு நல்ல நாள், மனஸ்தாபம் வேண்டாம் என்று அவர் காதோடு சொன்னார். ஞானமுத்து போய் நாற்காலிக்கு முன்னால் தரையில் குந்தினார். பேசியது எஸ்தர்தான், யாரையும் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி.

"ஏசுநாதரு கல்லறைக் கல்லே உருண்டுடுச்சாம். இந்த நாக்காலி நவுராதா?"

ஒன்று முதல் ஐந்து வரை

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். கண்ணாடியில் எல்லாம் தலைகீழ். தரையில் குந்தியிருந்த ஞானமுத்து எல்லோருக்கும் மேலே இருந்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வெளியே வந்தேன். எனக்குள் எங்கிருந்தோ ஒரு குறும்பு வந்திருந்தது. தைரியம் என்று சொல்லமாட்டேன்.

முதலில் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டேன். ஆண்டை வீட்டு மனிதர் இல்லாமல் போட்டோ நன்றாக இருக்குமா என்றேன். எனக்கெதற்கு என்று சொல்லிக்கொண்டே நெற்றியைத் துடைத்து, துண்டை மடித்துப் போட்டு, குடையை வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டு வந்தார். காலி நாற்காலிக்குப் பின்னால் நிற்கச் சொல்லி, அதன் சாய்மானத்தில் ஒரு கையை வைத்துக்கொள்ளச் சொன்னேன். காவலுக்கு இதைவிட வசதியான இடம் ஏது என்று அவருக்கும் திருப்தி. பிறகு பையிலிருந்து திருப்புலிவனத்து மாமாவை எடுத்து வரிசை முழுக்கக் காட்டினேன். கணக்குப்பிள்ளை மட்டும் அதைக் கையில் வாங்கி இரண்டு தடவை பார்த்தார்.

"இனிமேல் யாரும் அசையக்கூடாது. அசைந்தால் மாமாவின் கதிதான்" என்றேன். எல்லோரும் உறைந்தார்கள். "மூப்பரே, நீங்கள் மட்டும் லென்ஸில் சரியாக விழவில்லை, புளியமரத்து வேர் மறைக்கிறது. எழுந்து பின்னால் உட்காருங்கள்" என்றேன். வேர் பத்தடி தள்ளி இருந்தது. ஞானமுத்து ஒரு கணம் என்னைப் பார்த்தார். எழுந்தார், வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார், நாற்காலியில் உட்கார்ந்தார். கணக்குப்பிள்ளையின் பல்லிடுக்கிலிருந்து "யோவ்..." என்று ஒரு சத்தம் வந்தது. "தலை போய்விடும்!" என்று கத்தினேன். சத்தம் நின்றது. போதகர் நேரே பார்த்தபடி இருந்தார், பார்க்காதது போல இருப்பதில் அவருக்கு நல்ல பயிற்சி. மூடியைக் கழற்றினேன். மரநிழலுக்கு இரண்டு எண்ணினாலே போதும். நான் நிதானமாக ஐந்து எண்ணினேன். மூடியைப் போட்ட பிறகும் ஞானமுத்து எழுந்திருக்கவில்லை. கணக்குப்பிள்ளையும் அசையவில்லை, உதட்டை மட்டும் மெல்லத் திறந்தார்.

"முடிஞ்சிதா? என் தல கீதா?"

தலை இருந்தது

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கணக்குப்பிள்ளை கடைக்கு வந்தபோது, கடைச் சாவியைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று சாவியை ஆணியிலிருந்து எடுத்தே வைத்துவிட்டேன். அவர் போட்டோவைக் கேட்டார். என் ஆயுளில் அவ்வளவு துல்லியமாக நான் ஒன்றும் எடுத்ததில்லை. நடுவில் ஞானமுத்து, நிமிர்ந்து, முழங்கால்மேல் கை வைத்து. பின்னால் கணக்குப்பிள்ளை, நாற்காலியில் கை வைத்து, எஜமான் எப்போது கூப்பிடுவார் என்று காத்திருக்கிற வேலையாள் போல.

நெடுநேரம் பார்த்தார். ஆண்டையிடம் இதைச் சொன்னால் முதலில் விசாரிக்கப்படுவது யார் என்று அவர் மனதில் கணக்கு ஓடுவது முகத்தில் தெரிந்தது. போட்டோவைக் கவிழ்த்து வைத்தார். குரல் இறங்கிவிட்டது.

"தம்பி, தல நல்லாத்தான் வந்துகீது. ஆண்டை கேட்டா, பிளேட்டு ஒடைஞ்சிபோச்சின்னு சொல்லிடு."

இரண்டு போட்டோ

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞானமுத்து தன் பிரதியை வாங்க வந்தார். அதே ஈரிழைத் துண்டு, உள்ளே அதே பழைய போட்டோ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண் கலங்கும் என்று நான் எதிர்பார்த்தேன். என் கண்தான் கலங்கியது, அவர் கவனித்திருக்கமாட்டார். தன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிட்டார். விரல் பின்னால் நின்ற கணக்குப்பிள்ளையின்மேல் போய் நின்றது. அவரை உற்று உற்றுப் பார்த்தார். அந்தக் குரலில் கேலி இருந்ததா, இரக்கம் இருந்ததா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

"பாவம் இவரு. முப்பது வருசமா அந்த வூட்ல கணக்கு எயுதறாரு, இந்த நாக்காலில ஒரு நாளு குந்தனது இல்ல."

சக பாவிகளே, ஊரைத் தலைகீழாகப் பார்த்தே காலத்தை ஓட்டிய எனக்கு, அந்தப் புளியமரத்தடியில் ஐந்து எண்ணும் நேரத்துக்கு மட்டும்தான் அது நேராக நின்றது.