மருமகன் குரல் கொடுக்கும் கொட்டகை

உகாண்டாவின் லுக்காயாவில் புதுப்படம் வந்தால், உள்ளே போகலாமா வேண்டாமா என்று ஜனங்கள் கேட்பது கொட்டகைக்காரன் கவூமாவை அல்ல, நலோங்கோவைத்தான். இரட்டைப் பெண்களைப் பெற்றவள், அதனால் அந்தப் பெயர். சிங்கக் குலத்து மட்டோவுவின் மூத்த மகள். அந்த வம்சத்தில் வாய் மூடியிருந்தவர் யாரும் இல்லை. சந்தையில் வாழைக்காய் விற்று முடித்ததும் முன்பெஞ்சில் வந்து உட்காருவாள். படம் விட்டதும் வாசலில் நின்று தீர்ப்புச் சொல்வாள்.

"சண்டைப்படம் நல்லாருக்கு. ஆனா அந்தப் பய ஊரு ஊரா ஓடுறான், ஒரு வாய் சாப்பிடல. சாப்பிடாதவன எப்படி நம்புறது?"

"இந்தியப் படம்?"

"அந்த அம்மாக்காரி அழுற அழகுக்கே இன்னொரு தடவ பாக்கலாம். மழையில ஆடும்போது மட்டும் எந்திரிச்சுப் போய் தண்ணி குடிச்சிட்டு வாங்க."

"நைஜீரியாக்காரன் படம்?"

"சூனியக்காரி கட்டியிருக்கிற தலைத்துணிக்காகப் பாரு. கதையத் தேடாத."

எந்த ஊர்ப் படமானாலும், ஓரத்தில் மைக்கோடு உட்கார்ந்து, தன் கிண்டலையும் கலந்து ஊர் பேச்சான லுகாண்டாவில் சொல்பவன் செக்கபீரா. படத்தில் பாதி அவன் வாய்தான் என்பாள் நலோங்கோ. அவன் அவளுடைய இரட்டையரில் இளையவள் நகட்டோவைப் பெண் கேட்டபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"கட்டிக்கோடி. முன்பெஞ்சு இனி நமக்குத்தான்!"

கல்யாணம் முடிந்த சனிக்கிழமை, பழக்கதோஷத்தில் கொட்டகைக்குள் ஒரு காலை வைத்தாள்.

"நலோங்கோ! மருமகன் உள்ள இருக்காரு!" என்று பெஞ்சே கத்தியது.

அந்த ஊர் வழக்கத்தில் மாமியார் மருமகன் முகத்தில் விழிக்கக் கூடாது, ஒரே அறையில் உட்காரக் கூடாது. தன் தாய் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் புருஷனைப் பின்வாசல் வழியாக விரட்டியவளே அவள்தான். படத்து ஆசையில் அது மறந்துபோயிருந்தது. மேல்துணியால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினாள்.

பிறகு தகரச் சுவருக்கு வெளியே நின்று காதால் படம் பார்த்தாள். ஒரு நாள் வாசலுக்கு வந்து, "கப்பல் படத்துல அந்தக் கிழவன் செத்தது மனசுக்கு ஆகல" என்றாள்.

"செத்தானா? அவன் தூங்குனான் நலோங்கோ! கடைசியில கல்யாணமே பண்ணிக்கிட்டான்!"

தெருவே சிரித்தது. அன்றிலிருந்து அவள் வாசலில் நிற்பதில்லை. "பாக்காம வாயத் திறந்தேனே" என்று மகளிடம் சொல்லி மூக்கைச் சிந்தினாள். இனி அவளை யார் கேட்பார்கள்?

உள்ளே செக்கபீராவுக்கும் சுகமில்லை. "உங்கம்மா சிரிச்சாத்தான் சொன்னது எடுபட்டுச்சுன்னு தெரியும். இப்ப சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு" என்று நகட்டோவிடம் புலம்பினான். மறுவாரம், தகப்பன் வைத்திருந்த மரப்பட்டைத் துணியைக் கொண்டுவந்து தன் மூலையைச் சுற்றித் தொங்கவிட்டான்.

"பொணத்துக்குச் சுத்துறத என் கொட்டகையில தொங்கவிடுறியேடா!" என்றான் கவூமா.

"மாமியாரு வந்தா பெஞ்சு நிறையும். பேசாம இருங்க."

கல்யாண உறவு வழக்கங்களுக்கு அங்கே பெண்ணின் அத்தை சொல்வதுதான் சட்டம்; நகட்டோவின் தகப்பனுடைய தங்கைதான் இதற்கு நியாயம் சொல்ல வேண்டியவள். அவள் வந்து துணியை இழுத்துப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், விளக்குப் பிடித்தும் பார்த்தாள்.

"ஆள் தெரியல. ஒரு அறை ரெண்டு அறையாச்சு. போய் உக்காரு, அண்ணி."

நலோங்கோ முன்பெஞ்சில் உட்கார்ந்தாள். படம் ஓடியது. கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் பெண்ணை இடித்தாள்.

"துணிக்குப் பின்னாடி இருக்கிற ஐயாகிட்டச் சொல்லும்மா, இந்தக் கிண்டல் போன மாசமே சொன்னது."

அந்தப் பெண் வாயைத் திறக்குமுன் மைக் பேசியது. "எங்க மாமியாரம்மாகிட்ட யாராவது சொல்லுங்க, புதுசு அடுத்த சண்டையில வருது."

வந்தது. முதலில் சிரித்தவள் நலோங்கோதான். அப்புறம் தகரமே அதிர்ந்தது.

படம் விட்டதும் வாசலில் கூட்டம் அவளுக்காகக் காத்து நின்றது.

"படம் சுமார்தான்" என்றாள். "பேசுறவன் இருக்கானே, பிரமாதம்! யாரு பெத்த பிள்ளையோ, நான் பாக்கல."