ஈரச் சாக்கு

என் நாத்தனார் என்னைப் பல தடவை கொன்றிருக்கிறாள். கரும்புக் கழியில் அடுப்புக்கரியை அப்பிக்கொண்டு, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் என்மேல் பாய்வாள். முடிந்ததும் என்னை ஒரு சுற்றுச் சுற்றவைத்து, புடவையில் கரி பட்ட இடங்களைத் தேடுவாள்.

“இதோ கழுத்துல ஒண்ணு. நீ செத்துட்ட அண்ணி. எழுந்து நில்லு, மறுபடியும் சாவலாம்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அந்தப் புடவையைத் துவைப்பவள் நான்தானே!

அப்போது அறுபதுகளின் தொடக்கம். விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம், கரும்பு வைக்கும் குடும்பத்துக்கு மருமகளாக வந்திருந்தேன். அவள் என் கணவரின் தங்கை, என்னைவிட இளையவள். திண்டிவனத்தில் கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்த ஒருவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மதுவிலக்குக் காலம்தான், ஆனால் அவனுக்கு மட்டும் எங்கிருந்தோ சாராயம் ஊறிக்கொண்டே இருந்தது. குடித்தால் கரும்புக்கத்தி கைக்கு வந்துவிடும். சோற்றில் உப்புக் குறைந்தாலும் கத்தி, கூடினாலும் கத்தி. முன்கை முழுக்கத் தழும்போடு ஒருநாள் அவள் எங்களிடம் வந்து சேர்ந்தாள். திரும்பி வராவிட்டால் தானே வந்து வெட்டிப்போடுவதாக அவன் ஆள் விட்டுச் சொன்னான். ஊர்ப் பெரியவர்கள் “புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம்” என்று வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். அவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பகலில் ஆண்கள் கழனிக்குப் போய்விட்டால் வீட்டில் நாங்கள் இருவர்தான்.

“நான் மட்டும் தெரிஞ்சிக்கினு என்னா பிரயோஜனம்? அவரு என்னை வெட்ட வந்தா நீ குறுக்க ஓடி வருவ. மொதல்ல நீதான் சாவ” என்று சொல்லித்தான் இந்தக் கரிக்கழிப் பழக்கத்துக்கு என்னை இழுத்தாள்.

“இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக்குடுத்தது?”

“அவருதான். வெட்டு வாங்கிக்கினே படிச்சேன்.”

“வெட்டுறவனுக்கு என்னாடி ‘அவரு’?” என்று கத்துவேன். சிரிப்பாளே தவிர, ஒருநாளும் அவனை ‘அவன்’ என்று சொன்னதில்லை.

கத்தியைப் பார்க்கக் கூடாது, தோளைப் பார்க்கவேண்டும். தோள்தான் முதலில் அசையும். பின்னால் ஓடக் கூடாது, முன்னால் போய் ஒட்டிக்கொள்ளவேண்டும். கத்தியின் வேகமெல்லாம் நுனியில்தான். எல்லாவற்றுக்கும் முன்னால் ஈரச் சாக்கு. கோடையில் குளிர்ச்சிக்காகத் தண்ணீர்ப் பானையைச் சுற்றிச் சாக்கை நனைத்துக் கட்டுவோம். அதை உருவி ஓங்கிய கைமேல் வீசினால் கத்தி அதில் சிக்கிக்கொள்ளும். பிறகு மணிக்கட்டை இரண்டு கையாலும் முறுக்கவேண்டும், பல் இருப்பதையும் மறக்கக் கூடாது. சட்டென்று உருவ வசதியாக, சாக்கை முடிச்சுப் போடாமல் செருகியே வைத்தோம்.

ஒருநாள் உச்சி வெயிலில் அவன் வந்தான். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, வாயெல்லாம் பல்.

“கூட்டிக்கினு போலாம்னு வந்தேன்” என்றான்.

நான் மல்லாட்டை உரித்துக் கடலையைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து நேராகத் தண்ணீர்ப் பானையிடம் போனாள். சாக்கை உருவத்தான் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் பித்தளைச் சொம்பில் தண்ணீர் மொண்டு, இரண்டு கையாலும் ஏந்தி அவனிடம் கொண்டுபோனாள். வெயிலில் வந்தவருக்கு முதலில் தண்ணீர். அதிலும் வீட்டு மாப்பிள்ளை. அப்படியே பழகிய கைகள். புருஷனுக்குத் தண்ணீர் கொடுக்கும்போது தலை குனிய வேண்டுமே, குனிந்தாள். அவன் தோள் அசைந்ததை நான் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை.

இடுப்புக்குப் பின்னாலிருந்து வந்த கத்தி அவள் வலது தோளில் இறங்கியது. கரும்பு வெட்டும்போது கேட்கும் அதே சத்தம்.

நான் சாக்கை இழுத்த வேகத்தில் பானை உருண்டு உடைந்தது. இரண்டாம் வெட்டுக்கு ஓங்கிய கைமேல் வீசினேன், கத்தி சிக்கியது. உள்ளே புகுந்து ஒட்டிக்கொண்டு, மணிக்கட்டை முறுக்கிக் கடித்தேன். வாயில் உப்புக் கரித்தது. ஏதோ எலும்பு படக்கென்றது, அவன் அலறினான், கத்தி விழுந்தது. கீழே கிடந்த சொம்பை எடுத்து அவன் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்தது, பல் தெறித்தது, நான் நிறுத்தவில்லை. பொய் சொல்வானேன், அடிக்க அடிக்க எனக்கு நன்றாக இருந்தது. அக்கம்பக்கத்தார் வந்துதான் என்னைப் பிய்த்து எடுத்தார்கள்.

அவளை மாட்டுவண்டியில் போட்டு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் தங்கிவிட்டது, அந்தக் கை மட்டும் பிறகு தலைவாரக்கூட உயரவில்லை. தையல் போட்டு அவள் கண் திறந்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

“சாக்கு அங்கியே இருந்துச்சேடி! எதுக்குடி அவனுக்குத் தண்ணி?”

“வெயில்ல வந்தாரே, அண்ணி.”

அவள் இடது கையால் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“திரும்பு.”

திரும்பினேன். ஒரு சுற்றுச் சுற்றவைத்து, கழுத்திலிருந்து கால்வரை மெதுவாகத் தேடினாள்.

“உன்மேல ஒண்ணும் படல” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். என் புடவை முழுக்க அவள் ரத்தம்.