ஐந்து மூலைக் கல்

பிறப்பு: 1971 ஜூன் 3. தொழில்: தரைக்கல் பதித்தல், 1989 முதல். இயற்பெயர் கூலிப் பதிவேட்டில் மட்டும் உண்டு. மற்ற இடங்களில் அவர் ‘ரசமட்டம்’. அந்த மட்டம் பார்க்கும் கருவி வைக்காமலே தரையின் சாய்வைக் கண்ணால் சொல்லிவிடுவார்.

2016 மார்ச் 14, திங்கட்கிழமை. புதிய நூலகத்தின் வாசிப்பறையில் பெண் பொறியாளர் ஒரு மாதிரிக் கல்லை நீட்டினார். ஐந்து பக்கமும் சமம். ஐந்து மூலையும் சமம்.

“தரை பூரா இதே கல்தான். நடுவுல வேற கல்லும் வரக்கூடாது, சந்தும் வரக்கூடாது. முடியுமா மேஸ்திரி? எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு.”

ரசமட்டம் கண்ணை மூடித் திறந்தார். “தரை அப்படியே தெரியுதும்மா. நாலு மூலைக் கல் சேருது, ஆறு மூலைக் கல் சேருது. நடுவுல இருக்கற அஞ்சு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? முடியலன்னா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்.”

கலவை குழைத்துக்கொண்டிருந்த அவர் மனைவியின் தம்பி தலை நிமிர்ந்தார். “மாமா, எல்லாரும் கேட்டுட்டாங்க. அப்புறம் பேச்சு மாறக்கூடாது.”

எந்தக் கல்லையும் முதலில் கலவையின்றி அடுக்கிப் பார்ப்பது அவர் வழக்கம். வெட்டும் இயந்திரம் மூன்று நாளே கிடைக்கும் என்பதால் இம்முறை அதைத் தவிர்த்தார். 640 கற்களை வெட்டி முடித்தபின் சனிக்கிழமை காலை அடுக்கத் தொடங்கினார். மூன்று கற்கள் ஒரு மூலையில் கூடின, நான்காவது நுழையவில்லை. கூரான ஆப்பு வடிவில் ஒரு சந்து எஞ்சியது. எப்படித் திருப்பி வைத்தாலும் எங்காவது அது வந்து நின்றது.

“கல்லு கோவிச்சுக்குச்சு போல, மாமா” என்றார் தம்பி. ரசமட்டம் சிரிக்கவில்லை.

அவர் மனைவி சட்டை தைக்கும் கூடமொன்றில் துணி வெட்டுபவர். ஞாயிறு காலை காய் நறுக்கியபடியே கேட்டார்: “ஏங்க, அன்னைக்குக் கண்ணை மூடிப் பார்த்த தரையை இப்போ பாருங்க. ஒரு மூலையில எத்தனை கல் சேருது?”

ரசமட்டம் நெடுநேரம் கண்ணை மூடியிருந்தார். “எண்ண முடியல. நிறையக் கல் தெரியுது. மூலைகிட்டப் போனா கலங்கிடுது.”

“அப்போ நீங்க அந்தத் தரையைப் பார்க்கவே இல்லை. கல்லைப் பார்த்துட்டு, தரைன்னு பேர் வச்சுட்டீங்க. நானும் முழுச் சட்டையை நினைச்சுக்குவேன். கை தோள்ல சேர்ற இடத்தை நினைக்க மாட்டேன். தைக்கும்போது அங்கதான் இழுக்கும்.”

திங்களன்று ரசமட்டம் பொறியாளர் முன் கலவை பூசும் கரணையைக் கீழே வைத்தார். “நடக்காததைப் பார்த்தேன்னு சொல்லிட்டேம்மா. பொய் சொல்லல. மூலையைப் பார்க்காம சொல்லிட்டேன். விடறேன்னு சொன்னது சொன்னதுதான்.”

பொறியாளர் குனிந்து, அடுக்கிய கற்களின் சந்துகளை விரலால் தடவினார். “ரெண்டு ரெண்டு கல்லுக்கு ஒரு சந்து. எல்லாம் ஒரே அளவு, ஒல்லியான சாய்சதுரம். நடுவுல வேற கல் வந்தா வரட்டும். இதே அளவுல கறுப்புக் கல்லுல வெட்டினா உட்காருமா?”

“உட்காரும்” என்றார் ரசமட்டம், கண்ணை மூடியபடி.

“கண்ணை மூடாம சொல்லுங்க.”

ரசமட்டம் பென்சிலால் ஒரு மூலையைத் தரையில் வரைந்து, கோணங்களை அளந்து, கூட்டிப் பார்த்தார். “உட்காரும்மா.”

“அப்போ கரணையை எடுங்க. பாதித் தரையோட யாரும் தொழிலை விடக் கூடாது.”

தரை ஏப்ரல் 9 அன்று முடிந்தது. அதன்பின் அவர் கல் பதித்த அறைகள், சென்ற மாத இறுதிவரை: 137.