ஓர் ஆழாக்கு விளக்கெண்ணெய்

வாசகரே, உங்களைச் சாட்சியாக நிறுத்திக்கொண்டே இதை எழுதுகிறேன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியின் வாசலில், பட்டப்பகலில், பத்துப் பதினைந்து கூலியாட்களின் முன்னிலையில் நான் பேசிய பேச்சுகள் இரண்டு, கொடுத்த வாக்கு ஒன்று. கேட்டவர்கள் இதற்குள் மறந்திருக்கலாம். நீங்கள் மறவாதிருக்க வேண்டும்.

என் அக்காவின் கணவர், நான் மாமா என்று அழைப்பவர், பெரும்போரின்போது பஸ்ராவில் பட்டாள லாரி ஓட்டியவர். அங்கே வெடித்த ஏதோ ஒன்று அவர் செவிகளைப் பெரும்பாலும் கொண்டுபோய்விட்டது. போர் ஓய்ந்தபின் பட்டாளத்தார் கழித்துவிட்ட வண்டிகளை விற்றபோது, தாம் ஓட்டிய இனத்திலேயே ஒன்றை அவர் வாங்கி வந்தார். காற்றில்லாத கெட்டி ரப்பர்ச் சக்கரங்கள். பக்கத்தில் ஒட்டுப்போட்ட தகரம். மழைக்காலம் வந்தால், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னட்டோவுக்குத் தம் பழைய கம்பளியைப் போர்த்திவிட்டுத் தாம் போர்வையின்றிப் படுப்பார். எஞ்சினின் ஓசையை அவர் காதால் கேட்பதில்லை. ஒரு மரக்குச்சியின் ஒரு முனையைப் பல்லிடுக்கில் கடித்து, மறுமுனையை எஞ்சின்மேல் ஊன்றி, கண்களை மூடிக்கொண்டு நிற்பார். “மூணாவது கொஞ்சம் முனகுது,” என்பார். திறந்து பார்த்தால் மூன்றாவது வால்வில்தான் கோளாறு இருக்கும்.

அந்த வண்டிக்கு உதிரிப்பாகம் கேட்டு எழுதினால் பதிலே வருவதில்லை. ஆகவே எல்லாவற்றையும் அவரே செய்தார். எஞ்சினின் வலிமையைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும் கிளச்சு, தோல் போர்த்திய ஓர் இரும்புக் கூம்பு. தோல் இறுகப் பற்றினால் வண்டி நகரும். வழுக்கினால் எஞ்சின் மட்டும் வீணே கூவும். பழைய தோல் தேய்ந்துபோனபோது, தடித்து உறுதியான முதுகுப்பகுதி எருமைத்தோலாக மூன்று நாள் தேடி எடுத்து, அளந்து வெட்டி, செப்பு ஆணி அடித்துப் பொருத்தினார். அவர் இவ்வூரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டது அந்த ஒரு வேலையைத்தான்.

கோடை விடுமுறைக்கு வேலூர்க் கல்லூரியிலிருந்து நான் வந்திருந்தேன். எந்தச் சபையிலும் கடைசி வரிசைவரை எட்டும் குரல் எனக்கென்று ஆசிரியர்கள் சொல்லியிருந்தார்கள். அதை நானும் நம்பியிருந்தேன். ஒரு மாலை மாமா, கிளச்சுத் தோல் காய்ந்து வண்டி குலுங்குகிறதென்றும், சில சொட்டு விளக்கெண்ணெய் விட்டு, அது ஊறும்படி கிளச்சு மிதிகட்டையைக் கம்பால் முட்டுக்கொடுத்து வைக்கும்படியும் என்னிடம் சொல்லிவிட்டு ரயில் ஸ்டேஷனுக்குப் போனார். எனக்கோ சில சொட்டு என்பது கஞ்சத்தனமாகப் பட்டது. பதனிட்ட தோலுக்கு, அது போதுமென்னும்வரை எண்ணெய் தேய்ப்பதைப் பிறந்தது முதல் பார்த்தவனல்லவா நான்? ஓர் ஆழாக்கு நிறைய ஊற்றினேன்.

மறுநாள் ஸ்டேஷனிலிருந்து, தோல் ஊறும் தொட்டிகளுக்கு வேண்டிய ஆவாரம்பட்டையை ஏற்றிக்கொண்டு டேனரி வாசலின் மேட்டில் ஏறினோம். பாதியில் எஞ்சின் அலறியது, சக்கரங்கள் அசையவில்லை. கருகிய எண்ணெய் வாடை எழுந்தது. டேனரி மேஸ்திரி வெளியே வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். மாட்டுவண்டிக்காரர்கள் தினமும் தம்மை நச்சரிப்பதாகவும், பட்டாளத்துக்கே வேண்டாத வண்டியை நம்பித் தொட்டிகள் காத்திருக்க முடியாதென்றும், திங்கள் முதல் பட்டை மாட்டுவண்டியில்தான் வருமென்றும் சொன்னார். அந்த டேனரியின் நடையை விட்டால் லாரிக்கு வேறு நடையில்லை. வண்டி இரும்புக்காரனிடம் போகும். மாமா மறுபடி யாருக்கோ கூலிக்கு வண்டி ஓட்டப் போவார்.

அப்போது நான் பேசினேன். சக்கரத்தருகே ஒரு கல்லின்மேல் ஏறி நின்று, கைகளை விரித்து, “தேர்ந்த கண்ணும் ஒருமுறை ஏமாறும். ஒரு தோலைத் தெரிந்தெடுத்ததில் நேர்ந்த சிறு பிழைக்காக ஒருவரின் உழைப்பு முழுவதையும் தள்ளிவிடுவது நீதியாகுமா?” என்று கேட்டேன். அழகான வாக்கியந்தான். தோலில் பிழையில்லை என்பது எனக்குத் தெரியும்.

மேஸ்திரி சிரித்தார். “அப்ப தோலு தெரியாத ஆளுன்னு நீயே சொல்லிட்டே. தோலு தெரியாதவனுக்கு ஆம்பூர்ல இன்னா வேலை?”

கூலியாட்களும் சிரித்தார்கள். மாமாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் கைகள் அசைவதை மட்டும் பார்த்து, தமக்காக நான் வாதாடுகிறேன் என்றெண்ணி, என்னை நோக்கிப் பெருமையோடு தலையசைத்தார். பிறகு வண்டியின் தளப்பலகைகளைத் தூக்கிவைத்து, உளியை எடுத்தார்.

“தோலு நான் எடுத்ததுதான் தப்பு மச்சான். பிச்சுட்டுப் பாக்கலாம்,” என்றார்.

நான் அருகே குனிந்து, “மாமா, எண்ணெயை நான் ஜாஸ்தி ஊத்திட்டேன்,” என்று மெல்லச் சொன்னேன். அவர் காதருகே கையைக் குவித்து, “இன்னா?” என்றார். சற்று உரக்கச் சொன்னேன். மறுபடியும் “இன்னா?” என்றார். உளி முதல் ஆணியின்மேல் இருந்தது. மெல்லச் சொல்லித் தப்பிக்க வழியே இல்லை என்பது அப்போது எனக்கு விளங்கியது. நிமிர்ந்து நின்றேன். கடைசி வரிசைக்கு எட்டும் அந்தக் குரலை முழுவதும் எடுத்தேன்.

“தோல் நல்ல தோல், மாமா! நான்தான் ஓர் ஆழாக்கு எண்ணெய் ஊத்தினேன். தெரிஞ்சே உங்கமேல பழி போட்டேன்.”

தொட்டியருகே இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா உளியைக் கீழே வைத்தார்.

“ஆழாக்கா? நான் கிளச்சுக்குக் கேட்டேன்பா. நீ எண்ணெ தேச்சுத் தலை முழுக வெச்சிருக்கே.”

எல்லோரும் சிரித்தபோது அவர் என் தோளில் கைவைத்து, வீட்டுக்குப் போய் அக்காவிடம் எண்ணெயை உறிஞ்சும் உவர்மண், துணி வெளுக்க வைத்திருப்பது, வாங்கிவரச் சொன்னார். நான் போனபோது, என் குரல் கேட்டு அக்கா வீட்டு வாசலுக்கே வந்து நின்றிருந்தாள். அவள் வீடு நாலு தெரு தள்ளி. “வேலூர் தாண்டிக் கணியம்பாடிக்கே கேட்டிருக்கும்,” என்றபடி உவர்மண்ணை முறத்தில் கொட்டி, கல்லும் மணலும் போகச் சலித்துக் கொடுத்தாள். தோலில் கீறல் விழக்கூடாதென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மண்ணெண்ணெய்த் துணியால் நானே தோலைத் துடைத்தேன். காய்ந்ததும் மாமா காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, நான் மிதிகட்டையை அழுத்தும்போதெல்லாம் கொஞ்சங்கொஞ்சமாக உவர்மண்ணைத் தூவினார். விரலை உயர்த்தினால் அழுத்து, தாழ்த்தினால் விடு. ஒரு மணி நேரம் எங்களுக்குள் வேறு பேச்சில்லை. இருவர் முகங்களும் மாவரைத்தவர்கள் முகம்போல் வெளுத்துவிட்டன.

வண்டி ஒருமுறை குலுங்கியது. பிறகு பற்றிக்கொண்டு, முழுப் பாரத்தோடு, மேட்டில் ஏறி டேனரிக்குள் சென்று நின்றது. மேஸ்திரி குனிந்து, திறந்திருந்த தளத்தின் வழியே அந்தத் தோலை விரலால் தடவிப் பார்த்தார். “முதுகுத் தோலு,” என்றார். பட்டையை இறக்கச் சொன்னார். திங்கட்கிழமையும் நேரத்தோடு வரும்படி மாமாவுக்குக் கையால் சைகை காட்டினார்.

கூலியாட்கள் இன்னும் கலையவில்லை. அவர்களுக்குக் கேட்கும்படி, மாமாவுக்கும் கேட்கும்படி, எந்தக் கல்லின்மீதும் ஏறாமல் சொன்னேன்:

“மாமா, இனிமே இந்த வண்டிமேல கை வெச்சா, இன்னா செஞ்சேன்னு உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் கைய எடுப்பேன்.”